வேலாயியின் கழுத்து எந்தப் பிரிவு?

லேடி வின்டர்ட்டன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியைப் பற்றி என் முன்னால் யாரும் குறை சொல்லக்கூடாது. குறை சொல்வதற்கு முதல் உரிமை எனக்குத்தான். நான் கொஸ்லந்த பஸாரில் புடவைக் கடை வைத்துப் பிழைக்கிறவன். பெயர் இத்ரூஸ். உடம்பில் ஒரு வியாதியும் கிடையாது. அப்படியிருந்தும் அந்த ஆஸ்பத்திரியின் வாங்குகளை என்னளவுக்கு உட்கார்ந்து தேய்த்தவன் ஊவா மாகாணத்திலேயே வேறு எவனும் இருக்கமாட்டான்.

பதுளைக்குப் போகிற வழியில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. அந்தக் காலத்தில் அங்கே ஒரே ஒரு டாக்டர் இருந்தார். தலைவலிக்காரன், கால்வலிக்காரன், பிள்ளைத்தாய்ச்சி எல்லோரையும் அவரே பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு சீமைக்குப் போய்ப் பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக நீண்ட விறாந்தையைப் பலகை அடித்துத் தடுத்து, கதவுக்குக் கதவு ஒரு போர்டு மாட்டினார்கள். இது காது, மூக்கு, தொண்டை. இது இருதயம். இது தோல். இது மூளை. மனிதனை அல்லாஹ் ஒரே துண்டாகத்தான் படைத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தத் தவறைத் திருத்திவிட்டார்கள்.

அமெரிக்காக்காரன் சந்திரனில் காலை வைத்த வருஷம். மேமலைத் தேயிலைத் தோட்டத்து முருகையா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்தான். துணி எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

“நானா, எம் பொஞ்சாதி என்னயத் திட்டி ஆறு மாசம் ஆகுது.”

“அல்ஹம்துலில்லாஹ்! நல்ல காரியம்தானே?”

“வெளையாடாதீங்க நானா. அவ அவளா இல்ல.”

வேலாயியை எனக்குத் தெரியும். எனக்கென்ன, பஸாருக்கே தெரியும். இந்த மலையில் நின்று அவள் கூப்பிட்டால் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு சேலைக்கு அவள் விலை பேச ஆரம்பித்தால், எதிர்க் கடைக்காரன் தன் கடையில் விலையைக் குறைத்துவிடுவான். முருகையாவை அவள் திட்டாத நாள் கிடையாது. அவனும் அதைக் கேட்டுத்தான் எழும்புவான், கேட்டுத்தான் படுப்பான். அப்படிப்பட்டவளுக்கு இப்போது குரல் கம்மிப்போயிற்று. முகம் ஊதிவிட்டது. உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். முடி கொட்டுகிறது. மலையில் நின்றபடியே தூங்குகிறாள். கொழுந்து குறைகிறதென்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப்பேர்தான் போடுகிறார். முழு நாள் நின்றாலும் பாதி நாள் கணக்கு. போதாததற்கு சோம்பேறி என்ற பட்டமும் கொடுத்துவிட்டார்.

“திட்டாட்டிப் போவுது. என்னயப் பாத்தா பேச மாட்டேங்குறா. நேத்து கேட்டதுக்கு இன்னக்கிப் பதில் சொல்றா. செத்துப்போயிருவாளோன்னு பயமா இருக்கு நானா. ஆஸ்பத்திரியில சிங்களம் பேசுறாங்க, இங்கிலீசு பேசுறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்காது.”

உள்ளே இருந்து என் மனைவி ஜெஸீமாவின் குரல் வந்தது. “என்னத்த யோசிக்கிறீங்க? கடைய நான் பாத்துக்கொள்றேன். கூட்டிக்கொண்டு போங்க.”

இப்படித்தான், சிங்களம் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக நான் நோயாளியானேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் நஸீர் என்கிற துண்டு எழுதுகிறவர். அவர் எழுதிக் கொடுக்கும் துண்டைக் காட்டினால்தான் எந்தக் கதவும் திறக்கும்.

“எந்த இடம்?” என்றார் நஸீர்.

“கொஸ்லந்த” என்றேன்.

“அது இல்ல காக்கா. உடம்பில எந்த இடம்?”

கழுத்து வீக்கம், குரல் கம்மல், கால் வீக்கம், தோல் வறட்சி, குளிர், மறதி, தூக்கம் என்று ஒப்பித்தேன். நஸீர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒரு துண்டுக்கு ஓர் இடம். மிச்சத்தை வேற நாள் கொண்டுவாங்க.”

“எல்லாம் சேர்த்து ‘உடம்பு’ என்று எழுத முடியாதா?”

“உடம்புக்கு இஞ்ச அறை இல்ல” என்றார் நஸீர். மனிதர் கோபப்படவில்லை. உள்ளதைச் சொன்னார்.

குரலை எழுதச் சொன்னேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். இனி டாக்டர்மார் பேசியதையெல்லாம் நான் நல்ல தமிழில் போடுகிறேன். அவர்கள் பேசியபோது அது இதைவிட மோசமாக இருந்தது. அவர் வேலாயியின் வாயைத் திறக்கச் சொல்லி, நெற்றியில் கட்டியிருந்த கண்ணாடியால் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். “விழுங்கினால் வலிக்கிறதா?” என்று கேட்டார். வேலாயி யோசித்தாள். அவர் காத்திருக்கவில்லை. “தொண்டையின் உள்பக்கம் சுத்தம். என்னால் இதைவிட நல்ல தொண்டையைக் காட்ட முடியாது. வீக்கம் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. வெளிப்பக்கம் எனக்கு உரியதல்ல. சத்திர டாக்டரின் பிரிவில் நான் கைவைத்தால் அவர் நாளைக்கு என் காதில் கைவைப்பார்.”

அடுத்த தடவை சத்திர டாக்டர். இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார், கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி. “இல்லீங்க தொரை, வலிக்கல” என்றாள் வேலாயி. அது தொண்டை டாக்டர் போன தடவை கேட்டதற்குப் பதில். சத்திர டாக்டருக்கு அது தெரியாது. அவருக்குக் கவலையும் இல்லை.

“போதாது” என்றார் அவர் என்னைப் பார்த்து. “நான் வெட்டுகிற டாக்டர். வெட்டுவதற்கு ஏதாவது வேண்டாமா? இந்த அளவு வீக்கத்துக்கெல்லாம் கத்தியை எடுத்தால் கத்திக்கு என்ன மரியாதை? நன்றாக வளர்த்துக்கொண்டு வாருங்கள். நாடி மெதுவாக அடிக்கிறது, அதுவரை இருதயத்துக்குக் காட்டுங்கள்.”

இருதய டாக்டர், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். பதில் வருவதற்குள் குழாயை வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர் போல நெடுநேரம் கேட்டார். “மிகவும் ஒழுக்கமான இருதயம்” என்றார் கடைசியில். “மெதுவாக அடிக்கிறது. ஆனால் ஒரு அடியைக்கூடத் தவறவிடவில்லை. எனக்கு வருகிற இருதயங்களெல்லாம் இப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதி! இதில் நான் செய்ய ஒன்றுமில்லை. ஆள்தான் மந்தமாக இருக்கிறாள். மந்தம் மூளைப் பிரிவு.”

மூளை டாக்டரின் அறையில் நாற்காலிக்கு மெத்தை போட்டிருந்தார்கள். வேலாயி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். எழுப்பினோம்.

“உனக்கு வாழ்க்கையில் சலிப்பு ஏற்பட்டிருக்கிறதா?” என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். “கணவன் அடிப்பானா? அழுகை வருமா? யாராவது உன்னைக் கூப்பிடுவதுபோல் கேட்கிறதா?” என்று அவர் மளமளவென்று கேட்டுக்கொண்டே போனார். தான் கேட்டதற்கெல்லாம் தானே பதிலும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது வேலாயி வாயைத் திறந்தாள்.

“ஆமாங்க. மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குது.”

அது இருதய டாக்டரின் கேள்வி. மூளை டாக்டர் பேனாவை மறுபடி திறந்து, மிகுந்த திருப்தியோடு இன்னும் கொஞ்சம் எழுதினார். “கேட்பதற்கும் சொல்வதற்கும் சம்பந்தமில்லை. நான் நினைத்தது சரிதான்” என்றார். ஒரு மருந்து கொடுத்தார். அதைக் குடித்த வேலாயி, முன்பு நின்றபடி தூங்கினவள், இப்போது நடந்தபடி தூங்கினாள்.

அந்த மருந்தை முருகையா ரோட்டோரத் தண்ணீர்க் கானில் ஊற்றிவிட்டான். பஸ்ஸில் திரும்பும்போது என் தோளுக்கருகே குனிந்து மெல்லக் கேட்டான்.

“நானா, இவங்க சண்டை எனக்குப் புரிஞ்சிருச்சு. இது எல்லைச் சண்டை.”

“என்ன எல்லை?”

“நம்ம தோட்டத்துல மேப்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நடுவுல ஒரு கான் ஓடுதில்ல? அந்தக் கான்ல புல்லு வெட்ட மாட்டாங்க. மேப்பிரிவு கங்காணி அது கீழ்ப்பிரிவும்பாரு. கீழ்ப்பிரிவு கங்காணி அது மேப்பிரிவும்பாரு. புல்லு ஆள் உசரத்துக்கு நிக்கும். கடைசியில தொரை வந்து, எல்லைச் செடிக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாரு. சுண்ணாம்புக்கு மேல அவன், கீழ இவன். அன்னக்கோட சண்டை தீந்துச்சு. இவ கழுத்தும் அந்த மாதிரி கான்லதான் இருக்கு.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அதை மறந்தும் போனேன். முருகையா மறக்கவில்லை.

அடுத்த தடவை அதிகாலை பஸ்ஸில் வேலாயி வந்து ஏறினாள். கழுத்தைச் சுற்றி வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு கோடு. காதுக்குக் கீழே தொடங்கி, வீக்கத்தின் நடுவே நேராக ஓடி, மறுபக்கம் போய் முடிந்தது. தோட்டத்தில் எல்லை பிடிக்கிற நூலை வைத்தே போட்டிருக்கிறான் மனுஷன்.

“யா அல்லாஹ்! என்ன முருகையா இது?”

“டாக்டர் தொரைமாருக்குச் சிரமம் வேணாம்னுதான் நானா. கோட்டுக்கு மேல தொண்டை டாக்டர். கீழ வெட்டுற டாக்டர். ஆளுக்குப் பாதி பாத்துக்கிட்டா போதும்.”

வேலாயி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பெரிய வசவு புறப்பட்டு வருவது எனக்குத் தெரிந்தது. ஆனால் அது வாய்வரைக்கும் வந்து சேரவில்லை. இப்படி ஒரு காரியத்தைச் செய்த புருஷனைத் திட்டக்கூட முடியாத நிலைக்கு வந்துவிட்டாளே!

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சுண்ணாம்பு காய்ந்து, அடியில் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. நஸீர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “இன்றைக்கு இடம் தெளிவா இருக்கு” என்று சந்தோஷமாகத் தோல் என்று எழுதினார்.

தோல் டாக்டரைப் போல வேலாயியை வரவேற்றவர் அந்த ஆஸ்பத்திரியில் வேறு எவரும் இல்லை. எழுந்து நின்றே வரவேற்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார். “என் அனுபவத்தில் இப்படி நேர்கோட்டில் போகிற வியாதியைக் கண்டதில்லை” என்றார். சுண்ணாம்பு என்று நான் சொன்னேன். “சுண்ணாம்பு மாதிரி” என்று அவர் என்னைத் திருத்தினார். முருகையா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் காட்டினான். “பார்த்தீர்களா, கணவனுக்கும் தொற்றியிருக்கிறது” என்றார்.

செய்தி விறாந்தை முழுவதும் பரவி, எல்லா அறையிலிருந்தும் டாக்டர்மார் வந்துவிட்டார்கள். இதற்கு மருத்துவ மாநாடு கூட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. வேலாயியை நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் நல்லையா தலைமை தாங்கினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தமிழிலேயே பேசினார்.

முதலில் தொண்டை டாக்டர் எழுந்து, கோட்டுக்கு மேலே தன் பிரிவு என்று யாரோ எழுதாமல் எழுதியிருப்பதைத் தான் ஏற்கவில்லை என்றார். சத்திர டாக்டர், கீழே இருப்பது இன்னும் வளரவில்லை என்று நினைவுபடுத்தினார். இருதய டாக்டர், இருதயத்தின் ஒழுக்கத்தை மறுபடி பாராட்டினார். மூளை டாக்டர், இந்தப் பெண்ணின் கழுத்தில் புருஷன் கோடு போட்டான் என்றால் நோயாளி யார் என்பதே மறுபரிசீலனைக்கு உரியது என்றார். தோல் டாக்டர், கோட்டை அழிக்கக்கூடாது, படம் எடுக்க ஆள் வருகிறான் என்றார். கடைசியில் எல்லோரும் முருகையாவைப் பார்த்தார்கள். அவன் கைகூப்பினான்.

“தொரை, கழுத்து யாருக்குன்னு மட்டும் சொல்லிருங்க. நாங்க அந்தக் கதவுல போய் நின்னுக்கிறோம். இவ பேசணும் தொரை. அது போதும்.”

நல்லையா கண்ணாடியைக் கழற்றினார்.

“இஞ்ச பாருங்கோ. உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனா இந்த மாகாணத்திலயே பிரிவு பிரிச்சு ஒழுங்கா நடக்கிற ஆஸ்பத்திரி இது ஒண்டுதான். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு பொறுப்பான ஆள் இருக்கிறார். கழுத்து எண்டது ஒரு உறுப்பில்லை. அது தலையையும் உடம்பையும் தொடுக்கிற ஒரு வழி. றோட்டுக்கு நாங்கள் வைத்தியம் பாக்கேலாது, அது வேற திணைக்களம். உறுப்பில்லாத ஒரு நோய் வருத்தத்தோட வாறதெண்டால், உறுப்பில்லாத டாக்டர் ஒராள் கடைசி அறையில இருக்கிறார். அவரிட்டப் போங்கோ. எங்களுக்கு வேலை கிடக்கு.”

கடைசி அறைக்குப் போர்டு கிடையாது. கூட்டுமாறும் வாளிகளும் வைக்கிற அறை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கூட்டுமாறும் வாளிகளும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒல்லியான ஒரு மனிதர், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் மஹ்ரூப். பதுளைக்காரர்தான்.

“துண்டு இல்லை டாக்டர்” என்றேன்.

“எனக்குத் துண்டு எழுத மாட்டாங்க” என்றார் அவர். “நான் முழு ஆளையும் பாக்கிற டாக்டர். இஞ்ச யாரும் முழு ஆளா வாறதில்ல. இரிங்க.”

வேலாயியின் முகத்தைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார். கழுத்துக் கோட்டைப் பார்த்தபோது மட்டும் முருகையாவையும் ஒரு தடவை பார்த்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அவள் யோசித்து, மெல்ல மெல்லப் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கேட்ட கேள்விக்கு அதே அறையில் பதில் கிடைத்தது அன்றைக்குத்தான். பிறகு அவளை நாற்காலியில் முழந்தாளிட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளிய பாதம் திரும்பி வர அவசரப்படவில்லை. அசைந்து அசைந்து ஆறுதலாக வந்து சேர்ந்தது.

“கண்டீங்களா? வருத்தம் கழுத்தில இருக்கிற சுரப்பியில. அது சுரக்கிற தண்ணிதான் முழு உடம்பையும் ஓட வைக்கிறது. உடம்பில காவலுக்கு இருக்கிற ஆக்களே அந்தச் சுரப்பியக் கள்ளன் எண்டு நினைச்சு அடிச்சுப் போட்டிருக்கிறாங்க.”

“நம்ம வாச்சர் வீரய்யா மாதிரியா தொரை?” என்றான் முருகையா. வீரய்யா சொந்தத் தோட்டத்துப் பொம்பிளைகள் விறகு பொறுக்கினாலே கம்பை ஓங்குகிறவன்.

“அதே மாதிரித்தான். ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். ஆனா மருந்து இன்றைக்கே தொடங்கலாம். சின்ன மாத்திரை. காலையில வெறும் வயித்தில. சுரப்பி தராததை இது தரும். ஒண்டு மட்டும் நல்லா விளங்கிக்கொள்ளுங்க. சுகமாயிட்டுது எண்டு நிப்பாட்டக் கூடாது. சாகுமட்டும் போடணும். போட்டால் சுகமா இருப்பா, விட்டால் பழையபடி ஆகிடுவா.”

அவ்வளவுதான் விஷயம். விறாந்தை முழுவதும் அலைந்து தேடிய டாக்டர், விளக்குமாற்றுக்கு நடுவே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாத்திரை மெதுவாக வேலை செய்தது. முதலில் கம்பளி கழன்றது. பிறகு முகம் வடிந்தது. தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தி ஒரு நாள், நான் கடை திறந்து அகர்பத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறேன், மலைப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏய்யா! தண்ணிக்கு வச்ச வாளிய எந்தச் சிறுக்கிக்குத் தூக்கிக் குடுத்த?”

எதிர்க் கடைக்காரன் வெளியே வந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஜெஸீமா உள்ளே இருந்து ஓடி வந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணக்கப்பிள்ளை மறுநாளே முழுப்பேர் போட்டார். போடாமல் அவளிடம் வாய் கொடுத்து யார் மீள்வது?

இதோடு கதையை முடித்துக்கொள்ளலாம் என்றால் ஆஸ்பத்திரி விடவில்லை. துண்டு இல்லாமல் ஒரு நோயாளியைப் பார்த்துக் குணமாக்கியதற்காக டாக்டர் மஹ்ரூபுக்கு மாற்றல் வந்தது, கடற்கரை ஓரமாக எங்கோ. அவர் அறைக்கு இன்னும் இரண்டு வாளிகள் வந்தன. அடுத்த மாதம் மாத்திரை வாங்க மருந்து ஜன்னலுக்குப் போனோம். அங்கே ஹாஷிம் என்றொருவர்.

“என்ன வருத்தம்?” என்றார் ஹாஷிம்.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க, கல்லு மாதிரி இருக்கேன்” என்றாள் வேலாயி, வாய் கொள்ளாத சிரிப்போடு.

“அப்ப மருந்து எதுக்கு?”

நான் டாக்டர் மஹ்ரூப் சொன்னதை எடுத்துச் சொன்னேன். ஹாஷிம் தலையை ஆட்டினார். “சுகமான ஆக்களுக்கு மருந்து குடுக்கிறதில்ல. பெரிய டாக்டர்ட ஓடர்.”

பெரிய டாக்டரிடமே போனேன். நல்லையா என்னை உட்காரச் சொன்னார், மரியாதையான மனிதர்.

“நீங்கள் ஒரு வியாபாரி. யோசிச்சுப் பாருங்கோ. இது வருத்தக்காரருக்கான ஆஸ்பத்திரி. சுகமான ஆக்களெல்லாம் மருந்துக்கு வாறதெண்டால் வருத்தக்காரர் எங்க போறது? முதல் வருத்தம் வரட்டும். வந்தாப் பிறகு நாங்கள் கைவிடமாட்டம். அதுக்குத்தானே இவ்வளவு டாக்டர்மாரும் இருக்கிறம்.”

வருத்தம் வந்தது, டாக்டர் மஹ்ரூப் சொன்னபடியே. மழைக்காலம் முடிவதற்குள் வேலாயி கம்பளிக்குள் போய்விட்டாள். குரல் மறுபடி அடைத்தது. முருகையா என் கடைக்கு வந்து, அதே முக்காலியில் உட்கார்ந்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஹாஷிம் முன்னால் நிறுத்தினேன். ஹாஷிம் பார்த்தார், மனம் இளகினார், மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். “இப்ப சரி. இப்பத்தான் இவ மருந்துக்குத் தகுதியான ஆள்.”

வேலாயிக்கு மாத்திரையோடு புத்தியும் திரும்பி வந்தது. அதற்கடுத்த மாதம் பஸ்ஸில் ஊர் வம்பெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் முருகையாவின் கம்பளியைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஹாஷிம் பெயர் கேட்டார். அவள் யோசித்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கு அவர் மருந்து கொடுத்து முடித்த பிறகு, அடித்தொண்டையில், “வே...லா...யி” என்றாள். மாத்திரை வந்தது. அன்றிலிருந்து மாதா மாதம் இதே கூத்துத்தான். சுகமாக இருப்பதற்காகச் சுகமில்லாதவளாக நடித்தாள். நன்றாகவும் நடித்தாள்.

அப்போதுதான் ஒரு மந்திரி, ஆஸ்பத்திரியின் புதிய வாசல் வளைவைத் திறந்துவைக்க வந்தார். ஆஸ்பத்திரியின் சாதனை என்று மேடையில் எதையாவது காட்ட வேண்டும். நல்லையாவுக்கு வேலாயி ஞாபகம் வந்துவிட்டது. பேச முடியாமல் வந்த தோட்டத்துப் பெண், எங்கள் நிபுணர்களின் கூட்டு முயற்சியால் இன்று பேசுகிறாள் என்று காட்டலாமே. தோட்டத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். விழாவும் மருந்து கொடுக்கிற அதே நாள்தான். நிர்வாகப் பிரிவில் வேலாயி சுகமானவள். மருந்துப் பிரிவில் அவள் சுகமில்லாதவள். இரண்டுக்கும் நடுவே ஒரு கான் ஓடுகிறது. அதில் எப்போதும்போல் புல்.

முற்றத்தில் மேடை. மேடைக்கு நேர் எதிரே மருந்து ஜன்னல். ஹாஷிம் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் டாக்டர்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொண்டை டாக்டர் எழுந்து, குரல் என்பது தொண்டையின் பிள்ளை, எனவே இந்த வெற்றி தன் பிரிவுக்கே சேரும் என்றார். சத்திர டாக்டர், தான் வெட்டாமல் விட்டதால்தான் அந்தத் தொண்டை இருக்கிறது என்றார். இருதய டாக்டர், தோல் டாக்டர், மூளை டாக்டர், எல்லோரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். மஹ்ரூப் என்ற பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நல்லையா எழுந்து, “இனி அந்தப் பிள்ளையே பேசுவா” என்று சொல்லி மைக்கை வேலாயியின் வாய்க்கு நேரே இறக்கினார்.

வேலாயி சனத்தைப் பார்த்தாள். பிறகு மருந்து ஜன்னலைப் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் முருகையா என் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் பேசினால் முற்றம் அதிரும், கைதட்டு விழும், மாத்திரை போய்விடும். மறுபடி அந்த ஊமைக் கம்பளிக்குள் எத்தனை மாதம்?

மந்திரி சிரித்துக்கொண்டு, “பேசுங்க அம்மா” என்றார்.

வேலாயி யோசித்தாள். மந்திரியின் சிரிப்பு வாடும்வரை யோசித்தாள். கண் மெல்லச் செருகியது. மைக்கில் ஒரு கரகரப்பு வந்தது, துருப்பிடித்த கதவை யாரோ திறப்பது போல.

“குளு...ருது...”

அவ்வளவுதான். தொண்டை டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, வெளிப்பக்கம் தன்னுடையதல்ல என்பதை அன்றே சொன்னதாகச் சொன்னார். இருதய டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். கண் கலங்கியவர் மந்திரி ஒருவர்தான். கழுத்துக்கென்று இவ்வளவு காலமும் ஒரு பிரிவு இல்லாதது தேசிய அவமானம் என்றார். உடனே ஒன்று கட்டித் தருவதாக வாக்களித்தார். பிறகு அதைக் கட்டினார்கள். முன்கழுத்துக்கு ஒரு கதவு, பின்கழுத்துக்கு ஒரு கதவு.

ஹாஷிம் ஜன்னலை விட்டு இறங்கியே வந்துவிட்டார். “பாவம், இன்னும் மோசமாப் போச்சே” என்று அவள் கையில் ஒரு போத்தல் நிறைய மாத்திரையைத் திணித்தார். வேலாயி தலையை ஆட்டி, அதை மடியில் முடிந்துகொண்டாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பண்டாரவளை தாண்டும்வரை அவள் வாய் திறக்கவில்லை. உள்ளே ஆஸ்பத்திரிச் சேவகன் ஒருவன் இருந்தான். அவன் இறங்கினான். பஸ் திரும்பி மேட்டில் ஏறியது. வேலாயி கம்பளியை உருவி முருகையாவின் மடியில் எறிந்தாள்.

“ஏய்யா, எங் கழுத்துல சுண்ணாம்பு பூசுன மனுசந்தானே நீ? நாலு சனம் பாக்க என்னயத் தேயிலச் செடியாக்கிப்புட்டு, பக்கத்துல ஒக்காந்து பல்லையா காட்டுற? அன்னக்கித் திட்ட முடியாமப் போச்சேன்னு எத்தன நாளு வயிறெரிஞ்சு கெடந்தேன் தெரியுமா? நானா, நீங்களுந்தான்! கூட இருந்து பாத்துக்கிட்டு சும்மாதானே வந்தீங்க?”

கண்டக்டர் திரும்பினான். முன் ஆசனத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் திடுக்கிட்டு எழும்பி எந்த ஊர் என்று கேட்டார். முருகையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கம்பளி நுனியால் கண்ணைத் துடைத்தான். பிறகு அவள் பக்கம் தலையைச் சாய்த்தான்.

“இன்னுங் கொஞ்சம் சத்தமாத் திட்டு புள்ள. இங்க ஆஸ்பத்திரிக்காரங்க யாரும் இல்ல.”